முதலில் ஆறு, அப்புறம்தான் ராஜா

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு. டிசம்பர் விடுமுறையில் ஒரு தடித்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, ஸ்பேஸ் கதை எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றாள். எங்கோ ஒரு கோள். ஊதா வானம், மூன்று நிலா, நாற்பது உலகங்களை ஆளும் ஒரு பேரரசர். மூன்றாம் பக்கத்தில் பேரரசரைக் கொன்றுவிடுகிறார்கள். ஏழாம் பக்கத்தில் போர் தொடங்கிவிடுகிறது.

விறுவிறுப்பாகத்தான் இருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த ஊர்க்காரங்க காலையில என்ன சாப்பிடுவாங்க?"

முழித்தாள். "அதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் மாமா?"

நிறைய சம்பந்தம் இருக்கிறது. அன்று சாப்பாட்டு மேசையில் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தொலைதூரக் கோளில் ஒரு நாகரிகத்தைப் படைக்கும் பெரிய அறிவியல் கதைகளைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கும், எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இது உதவலாம்.

அறிவியல் கதைகளில் பெரும்பாலானவை ஒரு 'இருந்தால்' என்ற கேள்வியில் நிற்பவை. காலத்தில் பின்னோக்கிப் போகும் எந்திரம் இருந்தால்? மனசைப் படிக்கும் கருவி இருந்தால்? ஓர் ஆள், ஒரு கருவி, ஒரு சிக்கல் இருந்தால் கதை முடிந்துவிடும். நாம் பேசப்போகும் வகை அப்படி அடங்காது. அதில் ஒரு சமூகமே கதாபாத்திரம். அதன் அடுப்படி, சாமி, சண்டை, கடன், கல்யாணம் எல்லாம் உள்ளே வரும். நாயகன் செத்த பிறகும் பேத்தி காலம் வரை கதை ஓடும். தமிழில் இதற்குக் காப்பியம் என்ற சொல்லே பொருந்தும் என்பது என் எண்ணம்.

காப்பியம் எழுதியவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கம்பர் எடுத்தவுடன் ராமனைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. முதலில் ஆற்றுப்படலம், பிறகு நாட்டுப்படலம், அப்புறம் நகரப்படலம். ராமன் பிறக்கும் முன்பே சரயுவில் வெள்ளம் வந்துவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது எதை விளைவிக்கிறது, விளைந்ததை வைத்து எப்படிப்பட்ட ஊர் எழுகிறது என்று காட்டிய பிறகுதான் ராஜா வருகிறார். என் அக்கா மகள் கதையில் ராஜா முதலில் வந்துவிட்டார். அவர் குடிக்கும் தண்ணீருக்கு ஆறு இல்லை.

இதைவிடத் தெளிவான கருவி ஒன்றும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியம் சொல்லும் முதல், கரு, உரி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வைத்துக் கொன்றுவிடுவதால் பலருக்கு இதன் அருமை தெரிவதில்லை. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் உண்டாகிறவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள் என்பது அங்கே வாழும் மனிதருக்குள் நடப்பது: கூடல், பிரிவு, காத்திருப்பு, ஊடல், இரங்கல். நிலமும் பொழுதும் மாறினால் சோறு மாறும், சாமி மாறும், கடைசியில் காதலிக்கும் விதமும் மாறும். வேற்றுக்கோளில் ஒரு நாகரிகத்தைக் கட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல கையேடு வேண்டுமா?

சரி, ஒரு கோளை எடுத்துச் செய்துபார்ப்போம். கற்பனைக் கோள் வேண்டாம், இருக்கிற கோளே போதும். அதைக் கண்டுபிடித்த கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி. அதை 1915-இல் கண்டுபிடித்தவர், ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்த யூனியன் வான்நோக்கு நிலையத்தின் இயக்குநர் ராபர்ட் இன்னஸ். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான விண்மீன் அது. ஆனால் அதன் அக்கம்பக்கத்தை டர்பனில் எந்தத் தெருவிலிருந்தும் காட்டிவிடலாம்: தெற்குச் சிலுவைக்கு வழிகாட்டும் இரண்டு பிரகாசமான மீன்களில் ஒன்றான ஆல்ஃபா சென்டாரிக்கு அருகில்தான் அது இருக்கிறது. தூரம் 4.24 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

பிராக்ஸிமாவைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 2016-இல் அறிவித்தார்கள். குறைந்தது பூமியளவு நிறை உண்டு. காற்று மண்டலம் இருக்கிறதா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், கதைக்காரருக்கு அந்தச் சலுகை உண்டு.

முதலில் முதற்பொருள். இந்தக் கோள் தன் விண்மீனை 11.2 நாளில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதாவது அங்கே ஒரு வருஷம் நமக்குப் பதினோரு நாள். முப்பது வயதுக்காரிக்கு அந்த ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 980 வயது. கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவார்களோ! கோளுக்கும் விண்மீனுக்கும் இடையே உள்ள தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ளதில் இருபதில் ஒரு பங்குதான். அந்த விண்மீன் சிவப்புக் குள்ளன் வகை, சின்னது, வெப்பம் குறைவு. ஆனாலும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வானத்தில் நம் சூரியனைப் போல் மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். வெளிச்சம் பழைய குண்டு பல்பின் நிறத்தில் இருக்கும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள், நம் நிலா பூமிக்கு எப்போதும் ஒரே முகம் காட்டுவதைப்போல, விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்ற வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒரு பாதி என்றென்றும் பகல், மறு பாதி என்றென்றும் இரவு. இரண்டுக்கும் நடுவில் கோளைச் சுற்றி ஒரு வளையம்போல அந்திவெளி. விண்மீன் தொடுவானத்தில் பாதி புதைந்தபடி அசையாமல் நிற்கும். மக்கள் குடியிருக்க ஏற்ற இடம் அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் பேச்சில் இரவு ஒரு பொழுது. அங்கே இரவு ஓர் இடம். "ராத்திரி வா" என்று அங்கே ஒருவர் சொன்னால், இருட்டுப் பக்கம் இத்தனை மைல் நடந்து வா என்று அர்த்தம். குறிஞ்சித் திணைக் காதலர்கள் யாமத்தில் சந்திப்பார்கள். இந்த ஊர்க் காதலர்களுக்கு யாமம் வேண்டுமானால் கம்பளி போர்த்திக்கொண்டு பனிக்குள் போக வேண்டும். கிழக்கு மேற்கு என்ற பேச்சே எழாது, ஒளிப்பக்கம் இருட்பக்கம்தான். 'நாளை' என்ற சொல் எதை அளந்து பிறக்கும்? ஒவ்வொருவரும் தூங்கி எழுவதை வைத்து "ரெண்டு தூக்கத்தில் வருகிறேன்" என்பார்களோ என்னவோ. முதற்பொருளில் ஒரே ஓர் எண்ணை மாற்றினோம், மொழியே கலைந்துபோகிறது பாருங்கள்.

ஆனால் வானம் முற்றிலும் அசைவற்றது என்று நினைத்துவிடக் கூடாது. சொந்த விண்மீன் மட்டும்தான் நிற்கும். மற்ற விண்மீன்கள் 11.2 நாளுக்கு ஒருமுறை உதித்து மறையும். ஆல்ஃபா சென்டாரியின் இரண்டு பெரிய விண்மீன்களும் அங்கிருந்து பார்த்தால் நமக்கு வெள்ளி தெரிவதைவிடப் பிரகாசமாக இருக்கும். அந்த ஜோடி உதிப்பதை வைத்துத்தான் பஞ்சாங்கம் எழுதுவார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கருப்பொருளுக்கு வருவோம். இப்படிப்பட்ட கோளில் தரையை ஒட்டி வீசும் காற்று இருட்பக்கத்திலிருந்து ஒளிப்பக்கம் நோக்கி ஓயாமல் போகும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. பகல் பக்கத்தில் காற்று சூடாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று ஓடிவரும். அதனால் அந்திவெளியில் வீடு கட்டுகிறவர் இருட்பக்கச் சுவரில் கதவு வைக்க மாட்டார், ஜன்னலும் வைக்க மாட்டார். புகைபோக்கி ஒளிப்பக்கம் சாய்ந்திருக்கும். ஊரில் பணக்காரர் யார், ஏழை யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமா? யார் வீட்டுக்கு முன்னால் காற்றைத் தடுக்க இன்னொருவர் வீடு இருக்கிறது என்று பார்த்தால் போதும். குளிர்காற்றை முதலில் வாங்கும் கடைசி வரிசை யாருடையது என்ற கேள்வியிலேயே ஒரு நாவல் கிடக்கிறது.

இந்த மாதிரி மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் கிடைக்கிற ஒளியையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருப்பதால், செடிகொடிகள் கருத்த நிறத்தில் இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள். கரிய நெல் வயலைக் கற்பனை செய்துபாருங்கள்.

சிவப்புக் குள்ளன்களுக்குக் கெட்ட குணம் ஒன்று உண்டு. திடீரென்று சீறும். பிராக்ஸிமா அடிக்கடி அப்படித் தீக்கொழுந்து வீசுகிற விண்மீன். அந்த நேரத்தில் புற ஊதாக் கதிர் பலமடங்கு கூடும், ரேடியோவும் குழம்பலாம். அப்போது ஊரை எச்சரிப்பது எப்படி? பறை அடித்துத்தான். விண்கலத்தில் வந்த மனிதர்களின் வாரிசுகள் பறையைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பறை கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலவறைக்குள் ஓடுவார்கள். கருப்பொருள் பட்டியலில் பறையைச் சேர்த்த நம் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அடுத்தது தெய்வம். வெயிலாகக் காப்பவளும் அவள்தான், சீறினால் உடம்பெல்லாம் கொப்புளம் போடுகிறவளும் அவள்தான் என்றால், அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோள் முழுக்க ஒரே பாலைவனம், கோள் முழுக்க ஒரே காடு, கோள் முழுக்க ஒரே மொழி பேசும் ஒரே இனம். எழுதச் சுலபம், நம்பக் கஷ்டம். ஒரு சின்னத் தமிழ்நாட்டுக்கே ஐந்து திணை வேண்டியிருந்தது. டர்பனில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி வீடுகள் இருக்கும், சுற்றிலும் சுலு, எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலம். அந்தக் காலத்தில் இவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஃபனகாலோ என்ற கலவை மொழியே ஓடியது. ஒரு துறைமுகத்துக்கே இப்படியென்றால் ஒரு கோளுக்கு?

இனி தூரம். இந்த வகைக் கதைகளின் உயிர் தூரத்தில் இருக்கிறது. மனிதர் அனுப்பியவற்றில் மிகத் தொலைவு போயிருக்கும் வாயேஜர் 1 நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே வேகத்தில் பிராக்ஸிமா வரையான தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். அதனால் கதைக்காரர்கள் ஏதாவது ஓர் உபாயம் செய்கிறார்கள். ஒளியை முந்தும் கப்பல் என்பார்கள், இல்லாவிட்டால் பயணிகளை உறைய வைத்துத் தூங்க விடுவார்கள், அல்லது தலைமுறை தலைமுறையாகக் கப்பலிலேயே பிறந்து வளர்ந்து செத்து, பேரன் பேத்திகள் போய் இறங்குவார்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்றபடிதான் அரசியல் வரும். ஒளியை முந்த முடியாது என்றால் பூமியிலிருந்து ஓர் உத்தரவு போய்ச் சேர நாலே கால் வருஷம், "சரிங்க" என்ற பதில் வர இன்னொரு நாலே கால் வருஷம். இப்படி இருக்கையில் நாற்பது உலகப் பேரரசர் வரி வசூலிப்பது எங்கே? அவர் செத்த செய்தியே பாதி உலகத்துக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. என் அக்கா மகள் இதைக் கேட்டதும் பென்சிலால் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தாள்.

தூரம் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள நாம் விண்வெளிக்குப் போகவே வேண்டாம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றது. 342 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், ஆளுக்கொரு எண். 1911 வரை அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை.

அவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்ததில் ஒன்று பஞ்சாங்கம். தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்பும், நாள் நீளும், அறுவடை முடியும், பொங்கல். டர்பனில் என்ன ஆகிறது? சூரியன் வடக்கே திரும்பத்தான் செய்கிறது. ஆனால் நாம் இருப்பது தெற்கில். அதனால் தையில் பகல் குறைந்துகொண்டே போகிறது. வேர்த்துக் கொட்டும் கோடை. கரும்பு வெட்டும் காலம் ஏறக்குறைய ஏப்ரல் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும், பொங்கலன்று வயல் பச்சையாக நிற்கும். உச்சி வெயிலில் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். ஊரில் பெரியவர்கள் வானத்தில் காட்டிய ஓரியன் விண்மீன் கூட்டம் இங்கே தலைகீழாகத் தொங்கும். நிலாவில் வடை சுடும் பாட்டியும் உச்சிக்கு வரும்போது பெரும்பாலும் தலைகீழ்தான். வேறு கோளுக்குப் போன மாதிரிதானே இது? ஆனாலும் நாங்கள் ஜனவரியில்தான் பொங்கல் வைக்கிறோம். முதற்பொருள் புரண்டுவிட்டது, பண்டிகை புரளவில்லை.

சிலது புரண்டதும் உண்டு. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'பொரிட்ஜ் பிரேயர்' என்போம். எங்கள் ஆயா வீட்டில் கேழ்வரகு கிடையாது, மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவார். முதல் நாள் இரவே மாவைக் கரைத்துத் துணி கட்டி மூடி வைத்துவிடுவார். விடிவதற்குள் வீடு முழுக்கப் புளிப்பு வாசனை. வெளியே ஜூலை மாதக் குளிர். ஆடிக் காற்றும் அம்மன் வெக்கையும் எங்கோ கடல் தாண்டி இருக்க, நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கூழ் குடித்தோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தீமிதி நடப்பது புனித வெள்ளியன்று. அன்றுதான் எல்லாருக்கும் லீவு கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிறிஸ்துவப் பஞ்சாங்கத்தில் மாரியம்மன் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர்களைப் பாருங்கள். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார், அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஐந்து தலைமுறை கழித்து அந்தப் பெயரைத் தாங்கும் பிள்ளைக்கு அதன் மூலச் சொல் தெரியாது. எந்தப் பெரிய யுத்தமும் இல்லாமல், ஒரு குமாஸ்தாவின் பேனா முனையில் இது நடந்தது. கதையில் நூறு பக்கம் செலவழித்து மன்னர் வம்சம் எழுதுவதைவிட இப்படி ஒரு பெயர் திரிந்த விதத்தைக் காட்டினால் அந்த நாகரிகத்துக்கு வயது வந்துவிடும்.

கப்பல் டர்பனுக்கு வர ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். பிராக்ஸிமாவுக்கு வெளிச்சமே நாலு வருஷம். ஒரு மாத தூரமே இவ்வளவு செய்தது என்றால் அந்தத் தூரம் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம். எது மாறும், எதை மாற்ற விடாமல் பிடிவாதம் பிடிப்பார்கள் என்ற இரண்டு கேள்விக்கு நடுவில்தான் உரிப்பொருள் பிறக்கிறது. காத்திருத்தல் முல்லையின் ஒழுக்கம் என்பார்கள். பூமிக்குக் கேள்வி அனுப்பிவிட்டு எட்டரை வருஷம் கழித்து வரும் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, பதில் வரும்போது கேள்வியையே மறந்திருக்கலாம். கேட்டவர் இறந்திருக்கலாம். மூன்றாம் தலைமுறையில் யாரோ ஒரு பையன் "எதுக்கு இன்னும் அனுப்பிக்கிட்டு இருக்கோம்?" என்று கேட்பான், வீட்டில் சண்டை வரும். விண்கலப் போரைவிட அந்தச் சண்டையைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

பொங்கலுக்கு மறுவாரம் அக்கா மகள் புது நோட்டோடு வந்தாள். பேரரசரைக் காணோம். முதல் பக்கத்தில் ஒரு பாட்டி, இருட்பக்கச் சுவரில் விரிசல் விழுந்து காற்று உள்ளே வருவதைத் துணி வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் கருப்புக் கூழ். நல்ல தொடக்கம். நாலாம் பக்கத்தோடு நின்றிருந்தது.

"ஏன் நிறுத்திட்டே?"

"பொங்கல்ல மாட்டிக்கிட்டேன் மாமா. பானையைச் சூரியனுக்கு நேரா வைக்கணும்ல? அங்க இருக்கறது அவங்க சூரியன் இல்லையே. நம்ம சூரியன் அங்கேர்ந்து எப்படித் தெரியும்?"

காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் ஓரத்தில் கூடுதலாக ஒரு மீன்போல, நல்ல பிரகாசமாகத் தெரியும், மற்ற மீன்களைப் போலவே பதினோரு நாளுக்கு ஒருமுறை உதிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு நோட்டைத் திருப்பி, "அப்ப பாட்டி அந்த மீன் உதிக்கிற பக்கம் வைப்பா. அவ மருமக அடுப்புக்கு எது வசதியோ அந்தப் பக்கம் வைப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.